ஏரிக்கரை ஊர்

(பெங்களூருவில் தமிழ் கற்போர் கூட்டத்தில் பேசியது)



பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். குழந்தை அழுதால் அழட்டும். அதற்காக யாரும் எழுந்து போக வேண்டாம்.

நீங்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலருக்குக் கட்டட வேலை. சிலருக்கு வீட்டு வேலை. சிலருக்குக் காய்கறி வண்டி. அதனால் நான் நீட்டிப் பேச மாட்டேன். ஒரே ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த ஊரின் பெயர் பெல்லந்தூர்.

"அது ஊரா? அது பெங்களூருதானே!" என்று நீங்கள் நினைக்கலாம். இன்று அங்கே உயரமான கட்டடங்கள் நிற்கின்றன. கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கின்றன. வெளிவட்டச் சாலையில் காலையும் மாலையும் வண்டிகள் நகர இடமில்லை. ஆனால் அந்தக் கட்டடங்களுக்கு நடுவே பழைய ஊர் இருக்கிறது. குறுகலான தெருக்கள் இருக்கின்றன. கோயில் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் பெரிய ஏரி இருக்கிறது.

பெங்களூருவில் இப்படிப் பல ஊர்கள் உண்டு. அகரம், இப்ளூர், எமலூர், வர்த்தூர், ஜக்கூர் எல்லாம் ஊர்கள்தான். நகரம் இந்த ஊர்களைத் தேடிப் போய்ச் சூழ்ந்துகொண்டது. நீங்கள் வாடகைக்கு இருக்கும் தெருவும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் கேழ்வரகுக் கொல்லையாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் இந்த ஊர்களில் ஒரு நாள் எப்படிப் போனது? இன்று எப்படிப் போகிறது? இடையில் என்ன நடந்தது? இதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ஏரி சொன்னபடி நடந்த ஊர்

பெங்களூரு மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரம். நகரத்துக்குள் பெரிய ஆறு ஏதும் ஓடவில்லை. மழைதான் தண்ணீர். அந்த மழை நீரைப் பிடித்து வைக்கப் பழைய மக்கள் கரை கட்டினார்கள். பள்ளத்தில் ஓர் ஏரி. அது நிரம்பினால் மிகுந்த நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். இப்படிச் சங்கிலி போல ஏரிகள்.

அல்சூர் ஏரி உங்களுக்குத் தெரியும். அது நிரம்பினால் நீர் பெல்லந்தூர் ஏரிக்கு வரும். பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரிக்குப் போகும். பெல்லந்தூர் ஏரி பெங்களூருவிலேயே மிகப் பெரியது. சுமார் 900 ஏக்கர். எவ்வளவு பெரியது என்றால், இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-களில் தண்ணீரில் இறங்கும் விமானங்கள் இந்த ஏரியில் வந்து இறங்கின. பக்கத்தில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அவற்றைப் பழுது பார்த்தார்கள்.

ஏரித் தண்ணீரை யார் பங்கு போடுவது? அதற்கு ஊரில் ஓர் ஆள் உண்டு. கன்னடத்தில் அவரை நீர்கண்டி என்பார்கள். நம் பக்கத்தில் நீர்ப்பாய்ச்சி என்போம். நீர்க்கட்டி என்றும் சொல்வதுண்டு. மதகைத் திறப்பது அவர் வேலை. மூடுவதும் அவர் வேலை. யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவருக்குத் தெரியும். அறுவடை ஆனதும் ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குத் தானியம் அளப்பார்கள். அதுதான் அவர் கூலி.

கோடையில் ஏரி வற்றும். அப்போது ஊரார் வண்டி கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்குவார்கள். வண்டல் மண்ணை வெட்டி வயலில் கொட்டுவார்கள். வயலுக்கு உரம் ஆயிற்று. ஏரிக்கும் தூர் வாரியது ஆயிற்று.

அந்த ஊரில் ஒரு நாள்

இப்போது விடியற்காலையிலிருந்து பார்ப்போம்.

காய்கறி விளைவிக்கிறவர்கள் நடு இரவிலேயே வண்டி பூட்டுவார்கள். கீரை, முள்ளங்கி, கத்தரிக்காய் எல்லாம் விடியும் முன்னே நகரத்து மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மாடு வழி தெரிந்து நடக்கும். வண்டிக்காரர் மூட்டை மேல் சாய்ந்து தூங்குவார்.

பெண்களுக்கு முதல் வேலை தண்ணீர். வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் கிணற்றுக்குப் போவார்கள். பிறகு மாட்டுக் கொட்டகை. பிறகு திருகையில் கேழ்வரகு அரைக்க வேண்டும். மாவு தயாரானால்தான் களி. களியும் கொள்ளுச் சாறும் அன்றாடச் சாப்பாடு. கீரை கிடைத்தால் கீரைக் கடைசல். மார்கழியில் அவரைக்காய் வந்துவிட்டால் வீடெல்லாம் அதன் வாசம்தான். ஊற வைத்த அவரைக் கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்குவார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர்கள் சிரிக்கிறீர்கள்! ஆமாம், நம் பிதுக்கம் பருப்புதான்.

பகலில் ஆண்களும் பெண்களும் வயலில். ஏரிக்குக் கீழே நெல். மேட்டில் கேழ்வரகு, அவரை, துவரை. ஆடி மாதத்தில் விதைத்த கேழ்வரகு கார்த்திகையில் அறுவடைக்கு வரும். களத்தில் மாடு கல் உருளையை இழுக்கும். பையன்கள் மந்தைவெளியில் மாடு மேய்ப்பார்கள். கன்னடத்தில் அதற்குக் கோமாளம் என்று பெயர். அது யாருக்கும் சொந்தமில்லை. எல்லார் மாட்டுக்கும் சொந்தம். ஊருக்குப் பொதுவாகத் தோப்பும் உண்டு. மாங்காய், புளி, விறகு எல்லாம் அங்கே கிடைக்கும்.

சாயங்காலம் அரச மரத்து மேடை நிரம்பும். அடியில் நாகர் கல் இருக்கும். வழக்கு, கல்யாணப் பேச்சு, கடன் பாக்கி எல்லாம் அங்கேதான்.

ஆண்டுக்கு ஒருமுறை மாரம்மனுக்குத் திருவிழா. பெண்கள் அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து விளக்குச் செய்து தலையில் சுமந்து போவார்கள். அதுவும் நம் மாவிளக்குதான். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்தால் அன்றைக்கும் ஊரே திரண்டு வரும். கங்கம்மாவுக்குப் பூசை போடுவார்கள்.

பொன்னூர் அல்ல

இதைக் கேட்டு, "அந்தக் காலம் பொற்காலம்" என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இந்த ஊர்களில் எல்லாருக்கும் ஒரே கிணறு இருந்ததில்லை. தாழ்த்தப்பட்ட மக்களின் தெரு தனியாக இருந்தது. ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி இறக்க முடியாது. மற்றவர் வார்க்கும்வரை காத்து நிற்க வேண்டும். ஏரி வேலை செய்தவர்களில் பலருக்கு ஏரிக்குக் கீழே ஒரு குழி நிலமும் இல்லை. அரச மரத்து மேடையில் பெண்களுக்கு இடம் இல்லை. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அபூர்வம். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தார்கள்.

அதையெல்லாம் மறக்கக் கூடாது. ஆனால் ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஊருக்குப் பொதுவான பொருள் என்று சில இருந்தன. ஏரி, கால்வாய், மேய்ச்சல் நிலம், தோப்பு. நிலம் இல்லாதவரும் அங்கே ஓர் ஆட்டை மேய்த்தார். ஒரு கூடை மீன் பிடித்தார். ஒரு கட்டுக் கீரை பறித்தார். ஏழைக்கு அதுதான் சொத்து.

நகரம் வந்தது

நாடு விடுதலை அடைந்தபின் பெங்களூரு வேகமாக வளர்ந்தது. தொழிற்சாலைகள் வந்தன. மக்கள் வந்தார்கள். நம் ஆட்களும் வந்தார்கள். வீடுகள் பெருகின. வீடு பெருகினால் சாக்கடை பெருகும். அந்தக் கழிவுநீர் எங்கே போகும்? பள்ளத்தை நோக்கிப் போகும். பள்ளத்தில் என்ன இருக்கிறது? ஏரி இருக்கிறது.

மழை நீரைக் கொண்டுவந்த அதே கால்வாய்கள் சாக்கடையைக் கொண்டுவந்தன. நகரத்துக் கழிவுநீரில் பெரும் பகுதி பெல்லந்தூர் ஏரியில் விழுந்தது. மீன் செத்தது. கிணற்று நீர் கெட்டது. நெல் வயல் சேறாயிற்று. ஊரார் நீதிமன்றம் வரை போய் முறையிட்டார்கள்.

1990-களிலும் அதற்குப் பிறகும் வெளிவட்டச் சாலை வந்தது. நிலத்தின் விலை ஏறியது. நிலம் இருந்தவர் விற்றார். சிலர் மாடி வீடு கட்டி வாடகைக்கு விட்டார். நிலம் இல்லாதவருக்கு விற்க எதுவும் இல்லை. மேய்ச்சல் நிலமும் போயிற்று. அவருடைய ஆடும் போயிற்று.

இந்த ஊர்ப் பஞ்சாயத்து கெட்டிக்காரப் பஞ்சாயத்து. 1990-களின் கடைசியிலேயே கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. ஆனால் 2007-இல் மாநகராட்சியின் எல்லை விரிந்தது. சுற்றியுள்ள 110 கிராமங்கள் நகரத்தோடு சேர்க்கப்பட்டன. பெல்லந்தூர்ப் பஞ்சாயத்தும் கலைந்தது. அதோடு கிராம சபையும் போயிற்று. கிராம சபை என்றால் என்ன? வாக்குரிமை உள்ள எவரும் எழுந்து நின்று, "என் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று கேட்கும் இடம். அந்த இடம் போயிற்று.

நுரையும் தீயும்

பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று பனி போல இருக்கும். காற்றடித்தால் சாலையில் பறக்கும். உடம்பில் பட்டால் அரிக்கும்.

அது எப்படி வந்தது? துணி துவைக்கும் தூள், பாத்திரம் கழுவும் சோப்பு எல்லாம் கழிவுநீரில் கலக்கின்றன. சுத்தம் செய்யாத அந்தக் கழிவுநீர் ஏரியில் தேங்குகிறது. மழை பெய்து நீர் மதகு வழியே விழும்போது தயிர் கடைவது போல அது கடையப்படுகிறது. அதனால் நுரை எழும்புகிறது.

அதைவிட அதிசயம், தண்ணீர் தீப்பிடித்தது. 2015 மே மாதம் நுரை எரிந்தது. 2017 பிப்ரவரியில் ஏரியிலிருந்து பெரும் புகை எழுந்தது. 2018 ஜனவரியில் ஏரிப் பகுதியில் மறுபடி பெருந்தீ. அதை அணைக்க ராணுவ வீரர்களும் வந்தார்கள். அழுகிய கழிவிலிருந்து எரியும் வாயு கிளம்புகிறது. எண்ணெய்க் கசடு மிதக்கிறது. கரையில் குப்பை கிடக்கிறது. காய்ந்த புல்லும் இருக்கிறது. ஒரு பொறி போதும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. பிறகு 2020-ஐ ஒட்டி ஏரியின் நீரை வடித்துத் தூர் வாரும் வேலை தொடங்கியது. கெடுப்பதற்குச் சில பத்தாண்டுகள் ஆயின. சீர் செய்யவும் ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

இன்று அந்த ஊரில் ஒரு நாள் எப்படி விடிகிறது? பெண்களுக்கு முதல் வேலை இன்றும் தண்ணீர்தான்! ஆனால் கிணறு இல்லை. போர் கிணறு எத்தனை அடி போட்டாலும் வற்றுகிறது. டேங்கர் லாரி எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். 2024 கோடையில் நாம் பட்ட பாடு மறக்குமா? ஒரு லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கேட்டார்கள்? அந்த ஆண்டு அக்டோபரில்தான் 110 கிராமங்களுக்கான காவிரிக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. தொலைவிலுள்ள காவிரியிலிருந்து தண்ணீரை மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். பக்கத்தில் 900 ஏக்கர் ஏரி. அதில் ஒரு குடம் முகந்து குடிக்க முடியவில்லை.

நம் ஊருக்கும் போகும் தண்ணீர்

இப்போது ஒரு கேள்வி. இந்த ஏரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம் வேறு ஊர்க்காரர்கள்தானே?

சொல்கிறேன், கேளுங்கள். பெல்லந்தூர் ஏரி வழிந்தால் வர்த்தூர் ஏரி. வர்த்தூர் ஏரி வழிந்தால் தட்சிண பினாகினி ஆறு. அந்த ஆற்றுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? தென்பெண்ணை!

ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. அங்கேயும் நுரை பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்கும் கீழே கிருஷ்ணகிரி அணை. பிறகு திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை. கடைசியில் கடலூருக்குப் பக்கத்தில் கடல்.

உங்களில் எத்தனை பேர் கிருஷ்ணகிரிக்காரர்கள்? எத்தனை பேர் திருவண்ணாமலைக்காரர்கள்? கையைத் தூக்குங்கள். பாருங்கள், பாதிக்கு மேல்! நாம் இங்கே பாத்திரம் கழுவி ஊற்றும் தண்ணீர் நம் அப்பாவின் வயலுக்குப் போய்ச் சேருகிறது. பிழைப்புக்காக நாம் மேலே வந்தோம். நம் அழுக்கு நமக்கு முன்னால் ஊருக்குப் போய்விடுகிறது.

இது நம் குற்றம் மட்டும் அல்ல. ஒரு குடிசையின் சோப்புத் தண்ணீர் மட்டும் 900 ஏக்கர் ஏரியைக் கெடுக்காது. பெரிய குடியிருப்புகள், தொழிற்சாலைகள், சுத்தம் செய்யாமல் திறந்துவிட்ட குழாய்கள், இவைதான் பெருங்காரணம். கழிவுநீரைச் சுத்தம் செய்ய முடியும். 2018 முதல் இந்தப் பள்ளத்தாக்கில் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியே கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒருமுறை நுரை வந்தபோது மக்கள் கேள்வி கேட்டார்கள். சரியாகச் சுத்தம் செய்கிறார்களா என்று கேட்பது மக்களின் வேலை.

மீண்ட ஏரிகள்

கேட்டதால் பலன் உண்டா? உண்டு.

சர்ஜாபூர் சாலையில் கைக்கொண்டரஹள்ளி ஏரி இருக்கிறது. சுமார் 48 ஏக்கர். அதுவும் சாக்கடையும் குப்பையுமாகக் கிடந்தது. 2009-ஐ ஒட்டிச் சுற்றுவட்டார மக்கள் ஒன்று சேர்ந்தார்கள். மாநகராட்சியோடு பேசினார்கள். சண்டை போட்டார்கள். கூடவே நின்று வேலையும் செய்தார்கள். ஏரி மீண்டது. பறவைகள் வந்தன. ஏரியை ஒட்டிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடப் புத்தகம் ஆயிற்று.

வடக்கே ஜக்கூர் ஏரி. சுமார் 160 ஏக்கர். அங்கே கழிவுநீரை முதலில் நிலையத்தில் சுத்தம் செய்கிறார்கள். பிறகு கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு நிலத்தின் வழியே விடுகிறார்கள். செடி வேர்கள் மிச்ச அழுக்கை உறிஞ்சுகின்றன. அதன்பின்தான் நீர் ஏரியில் சேருகிறது. அங்கே மீன் பிடிக்கிறார்கள். சுற்றியுள்ள கிணறுகளிலும் நீர் ஊறியது.

இந்த இரண்டு இடத்திலும் நீர்கண்டி இல்லை. ஊர் மக்களே நீர்கண்டி ஆனார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

நாம் இப்போது எழுத்துக் கற்றுக்கொண்டோம். எதற்கு? பஸ் பலகை படிக்க மட்டுமா? சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட மட்டுமா? அவையும் வேண்டும். இன்னொன்றும் வேண்டும்.

முதலில், ஏரிக்கரையில் அறிவிப்புப் பலகை இருந்தால் நின்று படியுங்கள். ஏரியின் பெயர், பரப்பு, பொறுப்பான அலுவலகம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் தெரு எந்த மாநகராட்சி, எந்த வார்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். 2025-இல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாவிட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. 10 ரூபாய்க் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் மனு 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். நமக்கு 150 சொல் எதற்கு? ஒரு வரி போதும். இதோ கரும்பலகையில் எழுதுகிறேன். எல்லாரும் சேர்ந்து படியுங்கள்:

"எங்கள் தெருவின் கழிவுநீர் எங்கே போகிறது?"

இன்னொரு முறை, சத்தமாக! நல்லது.

இந்த மனுவை இங்கே கன்னடத்தில் கொடுக்கலாம். பயப்படாதீர்கள். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவைக் கேளுங்கள். அவருக்கும் அதே டேங்கர்தான். "நம்ம பீதிய கொளச்செ நீரு எல்லிகெ ஹோகுத்ததெ?" என்று அவர் எழுதட்டும். கீழே அவரும் கையெழுத்துப் போடட்டும். நீங்களும் போடுங்கள். கைநாட்டு அல்ல, கையெழுத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாரும் சேர்ந்து ஏரிக்கரைக்குப் போவோம். நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். எந்தெந்தக் கால்வாய் ஏரிக்குள் வருகிறது, எதில் தெளிந்த நீர் வருகிறது, எதில் சாக்கடை வருகிறது என்று பார்த்து எழுதுவோம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கரையோரம் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

 

கலந்து பேசுங்கள்

1. நீங்கள் பிறந்த ஊரில் ஏரி உண்டா? அதன் பெயர் என்ன? இன்று அதில் தண்ணீர் இருக்கிறதா?

2. உங்கள் ஊரில் தண்ணீரைப் பங்கு போட்டவரை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்?

3. பழைய ஊரில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தவை எவை? சிலருக்கு மட்டும் கிடைத்தவை எவை?

4. பெல்லந்தூர் ஏரியின் நீர் எந்த எந்த ஊர் வழியாகக் கடலுக்குப் போகிறது? வரிசையாக எழுதுங்கள்.